புதிய வசதி வேண்டாம், ஒரு சோதனை எழுதுங்கள்

போன கிழமை ஒரு இரவு, சாப்பிட வரச்சொல்லி அம்மா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். நான் மடிக்கணினியை விட்டு எழும்பவில்லை. கடைசியில் அறைக்கே வந்து, "அப்படி என்ன பிள்ளை எழுதுறாய்?" என்று கேட்டார். "இன்டெக்ரேஷன் டெஸ்ட் அம்மா" என்றேன். அம்மா ஒரு கணம் யோசித்தார். "நீ இங்கதானே பிறந்தனீ? உனக்கேன் அந்தச் சோதனை?"

ஜேர்மனியில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் உடனே விளங்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இந்தச் சமூகத்தோடு சேர்வதற்கும், ஒரு மென்பொருளின் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்வதற்கும் இங்கே ஒரே சொல்தான். அம்மா எழுதியது குடியுரிமைச் சோதனை. 33 கேள்விகள், 17 சரியாக வந்தால் தேர்ச்சி. எல்லாக் கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்ட 310 கேள்விகளுக்குள் இருந்துதான் வரும். வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் இருந்தபடி அம்மா அந்த 310ஐயும் பாடமாக்கினார். நானும் தம்பியும் மாறி மாறிக் கேள்வி கேட்டோம். அம்மா நல்ல புள்ளிகளோடு தேர்ச்சி பெற்றார். ஆனால் அடுத்த கிழமை ஹீட்டர் பழுதாகி, வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டி வந்தபோது, "நீயே கதை பிள்ளை" என்று போனை என் கையில் தந்துவிட்டார்.

ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதில் தெரிந்திருப்பது ஒன்று. எல்லாம் ஒன்றாகச் சேரும் இடத்தில் வேலை நடப்பது வேறு. இந்தப் பதிவு அந்த இரண்டாவதைப் பற்றியது. திறமூல மென்பொருளில் பங்களிக்க வேண்டும் என்று உங்களில் பலர் எனக்கு எழுதுகிறீர்கள். எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். என் பதில் இதுதான்: புதிய வசதி ஒன்றைச் சேர்க்க ஓடாதீர்கள். முதலில் ஒரு ஒருங்கிணைப்புச் சோதனையைச் சேருங்கள். இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஒரு பிழை செய்துதான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு நடந்தது

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிறிய திறமூலக் கருவிக்குப் பங்களிக்கத் தொடங்கினேன். பெயர் வேண்டாம். தரவுத்தளம் ஒன்றை ஒவ்வொரு இரவும் பிரதி எடுத்து, இணையத்தில் உள்ள ஒரு சேமிப்பகத்துக்கு அனுப்பி வைப்பதுதான் அதன் வேலை. பார்ப்பதற்கு அழகான எதுவும் அதில் இல்லை. ஆனால் இப்படியான கருவிகளின் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது.

பெரிய கோப்புகளை அனுப்ப அது அதிக நேரம் எடுத்தது. அதனால் கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும்படி மாற்றி எழுதினேன். ஒரு துண்டு 4 மெகாபைட். என் மாற்றத்துக்கு 11 அலகுச் சோதனைகளும் எழுதினேன். எல்லாம் பச்சை. பராமரிப்பாளர் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். என் முதல் பெரிய பங்களிப்பு அது. அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருவர் வழுப்பட்டியலில் எழுதியிருந்தார். ஒரு சிறு ஊரின் பொது நூலகத்துக்குத் தன்னார்வமாகக் கணினி வேலை பார்ப்பவர். நூலகத்தின் சேர்வரில் இருந்த வன்தட்டு செத்துவிட்டது. பிரதியில் இருந்து மீட்கப் போனார். கடைசி 19 நாட்களுக்கும் ஒரு கோப்புக்கூட இல்லை. ஒவ்வொரு இரவும் கருவி "முடிந்தது" என்றே சொல்லியிருந்தது.

காரணம் என் மாற்றம். அந்த வகைச் சேமிப்பகங்களில் ஒரு விதி உண்டு. கடைசித் துண்டைத் தவிர, மற்ற ஒவ்வொரு துண்டும் குறைந்தது 5 மெகாபைட் இருக்க வேண்டும். துண்டுகளை அனுப்பும்போது சேமிப்பகம் எதுவும் சொல்லாது. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும். கடைசியில் "இப்போது ஒட்டு" என்று கேட்கும்போதுதான் மறுக்கும். என் நிரல் அந்த மறுப்பை ஒரு எச்சரிக்கையாகப் பதிவுக்கோப்பில் எழுதிவிட்டு, வெற்றி என்று முடித்துக்கொண்டது. நான் வீட்டில் சோதித்துப் பார்த்த தரவுத்தளம் சின்னது. அது ஒரே துண்டாகப் போனது. ஒரே துண்டு என்றால் அதுதான் கடைசித் துண்டு, அதற்கு விதி இல்லை. அதனால் எனக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. அந்த நூலகத்தின் தரவுத்தளமும் முதலில் சின்னதாகத்தான் இருந்தது. அது 4 மெகாபைட்டைத் தாண்டிய இரவில் இருந்து பிரதிகள் நின்றுபோயின.

அப்படியென்றால் அந்த 11 சோதனைகள்? அவற்றில் உண்மையான சேமிப்பகம் இல்லை. அதற்குப் பதிலாக நான் எழுதிய ஒரு போலிச் சேமிப்பகம் இருந்தது. 'மொக்' என்பார்கள். எதை அனுப்பினாலும் "சரி" என்று சொல்லும். 5 மெகாபைட் விதி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத விதி நான் எழுதிய போலிக்கு எப்படித் தெரியும்? நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, நானே புள்ளி போட்டிருக்கிறேன்.

நூலகத்துக்காரர் என்னைத் திட்டவில்லை. பழைய பிரதியை வைத்து மீட்டுவிட்டு, அந்த 19 நாட்களில் இரவல் போன புத்தகங்களைக் கையால் மீண்டும் பதிந்துகொண்டிருப்பதாக எழுதினார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பராமரிப்பாளரும் கோபப்படவில்லை. ஒரே ஒரு வேலைதான் தந்தார்: "இதை அன்றைக்கே பிடித்திருக்கக்கூடிய சோதனையை இப்போது எழுது."

அலகு ஒன்று, சேர்க்கை வேறு

இந்தச் சொற்கள் புதிதாக இருந்தால் எங்கள் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். மைக் வேலை செய்கிறது. பாட்டுக் கோப்பு வேலை செய்கிறது. மடிக்கணினி வேலை செய்கிறது. ஆடப்போகிற பிள்ளைகள் ஆறு மாதமாகப் பழகியிருக்கிறார்கள். திரை விலகுகிறது. பாட்டு வரவில்லை. மண்டபத்தின் ஒலிப்பெட்டியில் உள்ள துளைக்கும் எங்கள் வயருக்கும் பொருந்தவில்லை. ஒரு அங்கிள் மேடைக்குப் பின்னால் ஓடுகிறார். பிள்ளைகள் முத்திரை பிடித்தபடி நிற்கிறார்கள்.

மைக்கை, பாட்டை, மடிக்கணினியைத் தனித்தனியாகப் பார்ப்பது அலகுச் சோதனை. முதல் நாள் பின்னேரம் அதே மண்டபத்துக்குப் போய், அதே வயரைச் செருகி, ஒரு பாட்டை முழுதாக ஓடவிட்டுப் பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. முதலாவது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது வேகமானது, எங்கே பிழை என்று நேராகக் காட்டும். ஒரு திட்டத்தில் அலகுச் சோதனைகள் நிறையவும், ஒருங்கிணைப்புச் சோதனைகள் அதைவிடக் குறைவாகவும் இருப்பதுதான் முறை. ஆனால் குறைவு என்பதற்கும் ஒன்றுமே இல்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உள்கட்டமைப்பு மென்பொருளுக்கு இது இன்னும் பொருந்தும். தரவுத்தளம், சேமிப்பகம், வலையமைப்பு, இயங்குதளம் ஆகியவற்றுக்கு நடுவில் நிற்பதுதான் அதன் தொழிலே. அது உடைவதும் பெரும்பாலும் அந்த நடுவில்தான்.

பெரியவர்களுக்கும் நடந்தது

இது அனுபவம் இல்லாத மாணவியின் பிழை என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து வெட்கப்பட்டேன். பிறகு மற்றவர்கள் பகிரங்கமாக எழுதி வைத்திருப்பவற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் தளத்தில் ஒரு பொறியியலாளர் தரவுத்தளக் கோப்புறை ஒன்றை அழித்தார். துணைச் சேர்வரில் அழிப்பதாக நினைத்து, முதன்மைச் சேர்வரில் அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிகாபைட் தரவு. நிறுத்தியபோது 4.5 ஜிகாபைட் அளவே மிஞ்சியிருந்தது. கை தவறுவது எல்லாருக்கும் வரும். பிரதியில் இருந்து மீட்கலாம் என்று போனார்கள். அங்கேதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. தினமும் ஓடிய பிரதி எடுக்கும் கருவி போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பைச் சேர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளமோ 9.6. பதிப்பு பொருந்தாததால் கருவி ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியில் நிராகரிக்கப்பட்டு, யார் கையிலும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போய்விட்டது.

கருவி நல்ல கருவி. தரவுத்தளமும் நல்லது. மின்னஞ்சலும் தன் விதிப்படி நடந்தது. மூன்றையும் சேர்த்து, "எடுத்த பிரதியில் இருந்து மீட்க முடிகிறதா" என்று ஒரு இயந்திரம் தினமும் பார்த்திருந்தால், முதல் நாளே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். இந்த விபரங்களை எல்லாம் மறைக்காமல் எழுதி, மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் இன்றைக்கு நானும் நீங்களும் அதிலிருந்து படிக்க முடிகிறது.

இரண்டாவது கதை எனக்கு அதைவிடப் பிடித்தது. எட்சிடி என்ற திறமூல மென்பொருளை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். குபர்நெட்டீஸ் தன் நினைவை எல்லாம் வைத்திருப்பது அதில்தான். உலகம் முழுவதும் பெரிய நிறுவனங்களின் சேர்வர்களை ஒழுங்குபடுத்துவது குபர்நெட்டீஸ் என்றால், எந்த வேலை எங்கே ஓட வேண்டும் என்ற குறிப்பேடு எட்சிடி. 2021 ஜூனில் அதன் 3.5 பதிப்பு வெளிவந்தது. 2022 மார்ச்சில் பராமரிப்பாளர்களே அந்தப் பதிப்பை உண்மையான பாவனைக்குப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவிக்க வேண்டி வந்தது.

என்ன நடந்தது? எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகச் செய்து, எது வரை செய்து முடித்தது என்ற இலக்கத்தையும் எழுதி வைக்கும். மாற்றமும் இலக்கமும் ஒன்றாக எழுதப்பட வேண்டும். 3.5இல் செய்த ஒரு மறுசீரமைப்பால், இலக்கம் முந்திக்கொண்டு வட்டுக்குப் போக ஒரு சின்ன இடைவெளி உண்டானது. வேலை அதிகமாக இருக்கும் நேரத்தில், சரியாக அந்த இடைவெளியில் நிரல் கொல்லப்பட்டால், திரும்ப எழும்பும்போது "இதை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்" என்று நினைத்து அந்த மாற்றத்தைத் தாண்டிப் போய்விடும். அதன் பிறகு ஒரே கூட்டத்தில் உள்ள மூன்று சேர்வர்களும் மூன்று விதமாகப் பேசலாம். 3.5.3 பதிப்பில் திருத்தினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. நிரலைக் கொன்று பார்க்கும் சோதனைகள் எட்சிடியில் முன்பே இருந்தன. ஆனால் அவை தரவைத் தற்காலிகக் கோப்புறையில் எழுதின. பல கணினிகளில் அந்தக் கோப்புறை உண்மையான வட்டில் இல்லாமல் நினைவகத்தில் இருக்கும். நினைவகம் மிக வேகமானது, அதனால் பிழை வெளியே தெரியவில்லை. பராமரிப்பாளர்களில் ஒருவரின் கணினியில் மட்டும் அந்தக் கோப்புறை சாதாரண வட்டில் இருந்தது. அவரால்தான் பிழையை மீண்டும் உண்டாக்கிக் காட்ட முடிந்தது. தங்கள் விசாரணை அறிக்கையில், "அதிர்ஷ்டம் கைகொடுத்த இடங்கள்" என்ற பகுதியில் இதைப் பராமரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

அதோடு அவர்கள் விடவில்லை. உண்மையான கூட்டம் ஒன்றை ஓடவிட்டு, வேண்டுமென்றே அதைக் கொன்று, வலையமைப்பைத் துண்டித்து, நடந்த எல்லாவற்றையும் பதிந்து, பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்று பார்க்கும் புதிய சோதனைக் கட்டமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். உலகமே நம்பியிருக்கும் மென்பொருளில், மிகத் திறமையான ஆட்கள் நேரம் ஒதுக்கிச் செய்த வேலை சோதனை எழுதுவது. "சோதனை எழுதுவது சின்ன வேலை" என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகள்

"சோதனை எழுதினால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது என்ன காட்டுவது? புதிய வசதி செய்தேன் என்று சொன்னால்தானே மதிப்பு?" இதை என் மச்சாள் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் வீடுகளில் வெளியே தெரிவதற்குத்தான் மதிப்பு, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வசதியை எழுத அந்த மூலையில் உள்ள நிரல் மட்டும் தெரிந்தால் போதும். ஒரு ஒருங்கிணைப்புச் சோதனையை எழுத வேண்டுமென்றால், அந்த மென்பொருள் எப்படித் தொடங்குகிறது, யாரோடு பேசுகிறது, எங்கே எழுதுகிறது, விழுந்தால் எப்படி எழும்புகிறது என்று எல்லாம் தெரிய வேண்டும். என் முதல் வேலைக்கான நேர்முகத்தில் நான் பேசியது அந்தப் பிழையையும் அதற்கு எழுதிய சோதனையையும் பற்றித்தான். அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். வேறு எதைப் பற்றியும் கேட்க நேரம் இருக்கவில்லை.

"அவை மெதுவானவை, சில நேரம் காரணமில்லாமல் தோற்கும்." இது உண்மை. ஒரு நாள் பச்சை, மறுநாள் சிவப்பு, மீண்டும் ஓடவிட்டால் பச்சை என்று வரும் சோதனை, சோதனை இல்லாததைவிட மோசம். அது மக்களைச் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் இருக்கப் பழக்கிவிடும். அப்படி ஒன்றை எழுதிவிட்டு ஓடிப்போகாதீர்கள். பெரும்பாலும் காரணம் எளிமையானது: சேர்வர் எழும்ப இரண்டு விநாடி போதும் என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள், ஒரு நாள் அதற்கு மூன்று விநாடி எடுக்கும். நேரத்தை எண்ணிக்கொண்டு காத்திருக்காமல், "தயாரா?" என்று அதனிடமே திரும்பத் திரும்பக் கேட்டு, பதில் வந்த பிறகு தொடங்குங்கள். பாதிப் பிரச்சினை போய்விடும்.

"சோதனைதானே, அதை யார் கவனமாகப் பார்க்கப்போகிறார்கள்?" இந்த எண்ணம் ஆபத்தானது. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற சுருக்கக் கருவியில் ஒரு பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. பல காலம் நல்ல பங்களிப்பாளராக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் அதை வைத்திருந்தார். எங்கே ஒளித்தார் தெரியுமா? சோதனைக் கோப்புகளுக்குள். "பழுதான கோப்பு வந்தால் கருவி என்ன செய்கிறது என்று பார்க்க" என்ற பெயரில் இருந்த கோப்புகளை யாரும் திறந்து பார்க்கவில்லை. அன்ட்ரெஸ் பிரொயின்ட் என்ற போஸ்ட்கிரெஸ் பொறியியலாளர், தொலைவில் உள்ள கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. அதனால் நீங்கள் சேர்க்கும் சோதனைத் தரவு எங்கிருந்து வந்தது, எப்படி உண்டாக்கினீர்கள் என்று எவரும் வாசித்து விளங்கக்கூடியதாக வையுங்கள். முடிந்தால் கோப்பாக வைக்காமல், சோதனை ஓடும்போதே நிரலால் உண்டாக்குங்கள்.

எப்படித் தொடங்குவது

நீங்கள் தினமும் பாவிக்கும் ஒரு திறமூலக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். அதன் வழுப்பட்டியலில் ஏற்கெனவே திருத்தி மூடிய பிழைகளை வாசியுங்கள். திறந்திருப்பவற்றை அல்ல, மூடியவற்றை. "இரண்டு பகுதிகள் சேர்ந்தபோது உடைந்தது" என்ற வகைப் பிழை ஒன்று கட்டாயம் கிடைக்கும். திருத்தத்தோடு சோதனை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுதான் உங்கள் வேலை. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பராமரிப்பாளருக்கும் வாதாட ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அந்தப் பிழை நடந்தது என்று அவருக்கே தெரியும்.

வேலையைத் தொடங்க முன்பு இரண்டு வரியில் கேளுங்கள்: "இந்தப் பிழைக்கு ஒரு ஒருங்கிணைப்புச் சோதனை எழுத விரும்புகிறேன், ஏற்பீர்களா?" பெரும்பாலான பராமரிப்பாளர்கள் ஓய்வு நேரத்தில் வேலை செய்பவர்கள். கேட்காமல் கொண்டுவந்து போடும் ஆயிரம் வரி அவர்களுக்கு உதவி இல்லை, சுமை.

உண்மையான சேவைகளை வீட்டிலேயே எழுப்பலாம். டொக்கர் இருந்தால் போஸ்ட்கிரெஸ், சேமிப்பகம் எல்லாம் சில விநாடிகளில் ஓடத் தொடங்கும், முடிந்ததும் அழித்துவிடலாம். டெஸ்ட்கொன்டெயினர்ஸ் என்ற திறமூல நூலகம், இதைச் சோதனை நிரலுக்குள் இருந்தே செய்ய உதவும். குபர்நெட்டீஸோடு பேசும் கருவி என்றால் 'கைன்ட்' இருக்கிறது. ஒரு முழுக் குபர்நெட்டீஸ் கூட்டத்தை உங்கள் மடிக்கணினியில் டொக்கருக்குள் ஓடவிடும். குபர்நெட்டீஸையே சோதிப்பதற்காக உருவாக்கப்பட்ட கருவி அது. பணம் எதுவும் தேவையில்லை.

மிக முக்கியமானது: உங்கள் சோதனை சிவப்பாவதை முதலில் உங்கள் கண்ணால் பாருங்கள். திருத்தத்துக்கு முந்தைய நிரலை எடுத்து, அதில் ஓடவிடுங்கள். தோற்க வேண்டும். தோற்காவிட்டால் உங்கள் சோதனை எதையும் சோதிக்கவில்லை.

இதில் நானே மாட்டிக்கொண்டேன். நூலகத்துப் பிழைக்கான சோதனையில், ஒரு தரவுத்தளத்தை நிரப்பி, பிரதி எடுத்து, தரவுத்தளத்தை முழுதாக அழித்து, மீட்டு, வரி வரியாக ஒப்பிட்டேன். பழைய பிழையான நிரலோடு ஓடவிட்டேன். பச்சை! ஒரு மணி நேரம் விளங்கவில்லை. ஒரே வரியை இலட்சம் தடவை போட்டு நிரப்பியிருந்தேன். கருவி அனுப்ப முன்பு கோப்பைச் சுருக்கும். ஒரே வரி என்பதால் இலட்சம் வரியும் சுருங்கி ஒரு துண்டுக்குள் அடங்கிவிட்டது. எழுந்தமானமான எழுத்துகளால் நிரப்பினேன். அப்போதுதான் சிவப்பு வந்தது. துண்டின் அளவை 8 மெகாபைட்டாக மாற்றினேன், பச்சை வந்தது. சேமிப்பகம் மறுத்தால் கருவி தோல்வி என்று சொல்ல வேண்டும் என்பதற்கு இன்னொரு சோதனையும் சேர்த்தேன். எல்லாம் சேர்த்து ஓட 48 விநாடி.

அந்தச் சோதனை இப்போது

அது இன்றைக்கும் ஓடுகிறது. யாராவது ஒரு மாற்றத்தை அனுப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு தரவுத்தளம் உண்டாகி, அழிந்து, மீண்டு வருகிறது. பெரும்பாலும் ஒருவரும் கவனிப்பதில்லை.

போன வருடம் ஒரு தடவை சிவப்பானது. புதிதாக வந்த ஒரு பங்களிப்பாளர் சேமிப்பகத்தோடு பேசும் நூலகத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தார். ஒரே ஒரு வரி மாற்றம். "இது என் மாற்றத்தோடு சம்பந்தமில்லாத தோல்வி" என்று எழுதினார். அலகுச் சோதனைகள் எல்லாம் பச்சைதான். அவர் எழுதியதை வாசித்தபோது எனக்கு என் 11 சோதனைகள் நினைவுக்கு வந்தன. இருவரும் சேர்ந்து தேடினோம். புதிய பதிப்பு ஒவ்வொரு துண்டோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தானாகச் சேர்த்து அனுப்பத் தொடங்கியிருந்தது. நாங்கள் சோதிக்கும் சேமிப்பகத்துக்கு அது விளங்காமல் மறுத்துவிட்டது. ஒரு அமைப்பை மாற்றினோம், சரியாகிவிட்டது. அது வெளியே போயிருந்தால், அந்தச் சேமிப்பகத்தைப் பாவிக்கும் எத்தனையோ பேருக்கு அன்றிரவு பிரதி எடுபட்டிருக்காது.

அந்த நூலகத்துக்காரர் இன்னும் எங்கள் கருவியைத்தான் பாவிக்கிறார். அவருக்கு இந்த விடயம் தெரியாது. அன்றைக்கும் அவருடைய பிரதி வழக்கம்போலப் போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். சாப்பாடு ஆறிவிட்டது. கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப நீ எழுதுற சோதனைக்கு 310 கேள்வி முதலே தரமாட்டினம் போல" என்றார். இல்லை அம்மா, தரமாட்டார்கள். அதனால்தான் நாங்கள் எழுத வேண்டியிருக்கிறது.

இந்த வார இறுதியில் ஒரு மூடிய பிழையைத் தேடிப் பிடியுங்கள். சிவப்பைப் பாருங்கள், பிறகு பச்சையைப் பாருங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.